ஹாரோ கவுன்சில் தேர்தல் 2022: முடிவுகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் வடமேற்கில் உள்ள ஹாரோ பரோவில் 2022 மே 5 வியாழக்கிழமை கவுன்சில் தேர்தல் நடந்தது. பரோ என்பது, நகர மையமான சிட்டியைத் தவிர்த்து, லண்டன் மாநகரம் பிரிக்கப்பட்டுள்ள 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்று. ஹாரோவில் வீடுகளில் அதிகம் பேசப்படும் மொழிகளில் தமிழும் ஒன்று என்பதால், அந்தத் தேர்தலின் முடிவு நம்மில் பலருடைய அன்றாட வாழ்வைத் தொட்டது. ஆனாலும் ‘எந்தக் கட்சி வென்றது’ என்ற ஒரு வரிக்கு மேல் பலரும் படிப்பதில்லை. அந்த ஒரு வரி பல விஷயங்களை மறைத்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் சில விடைகள் நீளமாக இருக்கின்றன.

2022 தேர்தலின் முடிவு என்ன?

மொத்தமுள்ள 55 இடங்களில் பழமைவாதக் கட்சி 31 இடங்களையும் தொழிற்கட்சி 24 இடங்களையும் பெற்றன. வேறு எந்தக் கட்சிக்கும் சுயேச்சைக்கும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 2018 தேர்தலில் தொழிற்கட்சி 35 இடங்களும் பழமைவாதக் கட்சி 28 இடங்களும் பெற்றிருந்தன. எனவே 2022இல் கவுன்சில் கைமாறியது. தேர்தலுக்குப் பின் பழமைவாதக் கட்சியின் பால் ஆஸ்போர்ன் கவுன்சில் தலைவரானார்.

பழமைவாதக் கட்சி 28 இடத்திலிருந்து 31 இடத்துக்குத்தானே போனது? மூன்று இடம் கூடியதற்கு ஆட்சி எப்படி மாறும்?

இந்தத் தேர்தலைப் பற்றிய கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். 2018இல் கவுன்சிலில் 63 இடங்கள் இருந்தன. 21 வார்டுகள், வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள். அதன் பின் இங்கிலாந்தின் உள்ளாட்சி எல்லை ஆணையம் ஹாரோவின் வார்டு எல்லைகளைத் திருத்தி வரைந்தது. ஒவ்வொரு கவுன்சிலரும் ஏறக்குறைய ஒரே அளவு வாக்காளர்களுக்குப் பிரதிநிதியாக இருக்க வேண்டும் என்பதே அத்தகைய திருத்தத்தின் நோக்கம். புதிய வரைபடத்தில் 22 வார்டுகள் வந்தன. அவற்றில் பாதிக்கு மூன்று கவுன்சிலர்கள், மறுபாதிக்கு இரண்டு கவுன்சிலர்கள். இப்படித்தான் மொத்தம் 55 ஆனது.

ஆகவே 28ஐயும் 31ஐயும் அப்படியே ஒப்பிடுவது, அளவு வேறான இரண்டு படிகளால் அளந்த நெல்லை ஒப்பிடுவது போன்றது. சதவீதமாக மாற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். பழமைவாதக் கட்சியிடம் 2018இல் 44.4 சதவீத இடங்கள் இருந்தன, 2022இல் அது 56.4 ஆனது. தொழிற்கட்சியிடம் 55.6 சதவீதம் இருந்தது, 43.6 ஆகக் குறைந்தது. இரண்டு கட்சிகளும் ஏறக்குறைய இடத்தை மாற்றிக்கொண்டன. ‘மூன்று இடம் கூடியது’ என்ற வரியைப் படித்தவருக்கு இந்தக் காட்சி தெரிய வாய்ப்பே இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 55 இடங்கள் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 28 இடங்கள் தேவை. 31 இடங்கள் பெற்ற கட்சியிடமிருந்து நான்கு இடங்கள் மட்டும் எதிர்க்கட்சிக்குப் போயிருந்தால் 28க்கு 27 என்று ஆட்சி அப்படியே புரண்டிருக்கும். வார்டுகளில் வெற்றி வித்தியாசம் சில நூறு வாக்குகளாக இருப்பது கவுன்சில் தேர்தல்களில் சாதாரணம். ‘என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்’ என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே நாளில் லண்டனின் மற்ற பரோக்களில் என்ன நடந்தது?

ஹாரோவின் முடிவு ஏன் கவனத்தை ஈர்த்தது என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும். பெருந்தொற்றுக் கால ஊரடங்கின்போது பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்துகள் பற்றிய சர்ச்சை பழமைவாதக் கட்சியைக் கடுமையாகப் பாதித்திருந்த நேரம் அது. பிரதமர் போரிஸ் ஜான்சன் ஊரடங்கு விதியை மீறியதற்காகக் காவல் துறையின் அபராதத்துக்கு ஆளாகியிருந்தார். அந்தச் சூழலில் அக்கட்சி 1978 முதல் தன்னிடம் வைத்திருந்த வாண்ட்ஸ்வொர்த்தை இழந்தது. 1964இல் முதல் தேர்தல் நடந்தது முதல் ஒருமுறைகூட இழக்காத வெஸ்ட்மின்ஸ்டரையும் இழந்தது. ஹாரோவின் எல்லையை ஒட்டியுள்ள பார்னெட்டில் தொழிற்கட்சி முதன்முறையாகத் தனிப் பெரும்பான்மை பெற்றது.

மொத்தக் கணக்கில் 32 பரோக்களில் தொழிற்கட்சி 21, பழமைவாதக் கட்சி 5, தாராளவாத ஜனநாயகக் கட்சி 3 என்று வென்றன. டவர் ஹாம்லெட்ஸில் லுத்ஃபர் ரஹ்மானின் உள்ளூர்க் கட்சியான ஆஸ்பயர் வென்றது. கிராய்டனிலும் ஹேவரிங்கிலும் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. பழமைவாதக் கட்சி வென்ற ஐந்தில் பெக்ஸ்லி, புரோம்லி, ஹில்லிங்டன், கென்சிங்டன் மற்றும் செல்சி ஆகிய நான்கும் ஏற்கனவே அதனிடம் இருந்தவை. புதிதாகக் கைப்பற்றியது ஹாரோ ஒன்றுதான்.

ஹாரோ மட்டும் ஏன் எதிர்த்திசையில் போனது?

ஒற்றைக் காரணம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன என்பதே பொருத்தமான விடை.

முதலாவது, ஆண்டுக் கணக்கு. 2010 முதல், இடையில் 2013–14இல் ஏற்பட்ட சிறு இடைவெளி தவிர, தொழிற்கட்சியே ஹாரோவை நடத்தி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் சேரும் குறைகள் எல்லாம் நடத்துபவர் கணக்கில்தான் எழுதப்படும். சாலையில் குழி, வீட்டு வாசலில் எடுக்கப்படாத குப்பை, கடைத்தெருவில் வண்டி நிறுத்தக் கட்டணம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எழும் உயரமான அடுக்குமாடி என்று வாசல்தோறும் பேசப்பட்டவை இவைதான். அப்போது மத்தியில் ஆண்ட பழமைவாதக் கட்சியின் மீது ஒருவருக்குக் கோபம் இருந்திருக்கலாம். தன் தெருவின் மீது இருக்கும் கவலை அதைவிடப் பெரிதாக இருக்கும்போது அவர் வேறு விதமாகத்தான் வாக்களிப்பார்.

இரண்டாவது, மக்கள்தொகை அமைப்பு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹாரோவில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்து சமயத்தவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள எந்த உள்ளாட்சிப் பகுதியையும்விட இது அதிகம். கென்டன் போன்ற பகுதிகளில் குஜராத்திக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. 2019 செப்டம்பரில் தொழிற்கட்சியின் மாநாடு காஷ்மீர் பற்றி நிறைவேற்றிய தீர்மானம் இந்திய வம்சாவளி வாக்காளர்களில் ஒரு பகுதியினரை அக்கட்சியிலிருந்து விலக்கியது என்று பலரும் கருதுகிறார்கள். அதை ஒரு காரணமாக ஏற்கலாம். அதையே முழுக் காரணமாகக் கொண்டால் ஒரு சமூகத்தவர் அனைவரும் ஒரே மனத்தோடு வாக்களித்தார்கள் என்று சொன்னதாகிவிடும், அது நியாயமல்ல. ஒரே குடும்பத்தில் தந்தை ஒரு கட்சிக்கும் மகள் இன்னொரு கட்சிக்கும் வாக்களிப்பது நம் வீடுகளில் புதிதா என்ன?

மூன்றாவது, ஹாரோ எப்போதுமே இரு பக்கமும் சாயக்கூடிய இடம். 2002இல் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை, 2006இல் பழமைவாதக் கட்சி வென்றது, 2010இலும் 2014இலும் 2018இலும் தொழிற்கட்சி வென்றது. ஹாட்ச் எண்ட், ஸ்டான்மோர், பின்னர் (Pinner) போன்ற பகுதிகள் ஒரு கட்சியின் பக்கமும், தெற்கிலும் நடுவிலும் உள்ள பல வார்டுகள் மற்றக் கட்சியின் பக்கமும் நிற்க, இடைப்பட்ட வார்டுகள் சிலவற்றில்தான் ஆட்சி தீர்மானமாகிறது.

எனக்கு ஒரே தேர்தலில் மூன்று வாக்குகள் இருந்தனவே, அது எப்படி?

உங்கள் வார்டு எத்தனை கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கிறதோ அத்தனை வாக்குகள் உங்களுக்கு உண்டு. மூன்று பேர் வார்டில் மூன்று, இரண்டு பேர் வார்டில் இரண்டு. விருப்ப வரிசை எதுவும் இல்லை, வேட்பாளர் பெயருக்கு எதிரே இடும் ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் ஒரே மதிப்புத்தான். எல்லா வாக்குகளையும் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒருவருக்கு மட்டும் குறியிட்டாலும் வாக்குச் சீட்டு செல்லும். ஒரே வேட்பாளருக்கு மூன்று வாக்குகளையும் சேர்த்துப் போட முடியாது. அதிக வாக்குகள் பெற்ற முதல் மூன்று பேர், அல்லது இரண்டு பேர், கவுன்சிலர்கள் ஆகிறார்கள்.

இந்த முறையில் முன்னிலைக்குக் கிடைக்கும் பரிசு மிகப் பெரியது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு வார்டில் ஒரு கட்சியின் மூவர் 2,100, 2,050, 1,980 என்றும் மற்றக் கட்சியின் மூவர் 1,950, 1,900, 1,850 என்றும் வாக்குகள் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரு கட்சிகளுக்கும் வாக்கில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் முதல் கட்சிக்கு மூன்று இடமும் கிடைக்கிறது, இரண்டாவதற்கு ஒன்றும் இல்லை. இதை 22 வார்டுகளுக்கு விரித்துப் பாருங்கள். ஹாரோவில் இரு கட்சிகளும் வெவ்வேறு பகுதிகளில் வலுவாக இருப்பதால் மன்றத்தில் இருவருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. 2022இல் பார்க்கிங் மற்றும் டகனம் பரோவில் 51 இடங்களும், லூவிஷமில் 54 இடங்களும் தொழிற்கட்சிக்கே போயின. அங்கே மற்றக் கட்சிகளுக்கு வாக்களித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் மன்றத்தில் அவர்கள் சார்பில் பேச ஒருவரும் இல்லை. எதிர்த்துக் கேள்வி கேட்க ஆளில்லாத மன்றம் மக்களுக்கு நல்லதல்ல. இந்த முறை மாற வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

எல்லா வேட்பாளர்களின் வாக்குகளையும் கூட்டினால் வாக்களித்தவர்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக வருகிறதே, தவறு நடந்ததா?

இல்லை. மேலே சொன்னபடி ஒரு சீட்டில் மூன்று வாக்குகள் வரை இருக்கலாம். வாக்குப் பதிவு சதவீதம் கணக்கிடப்படுவது சீட்டுகளின் எண்ணிக்கையை வைத்துத்தான். இதே காரணத்தால், ஒரு கட்சி வார்டில் பெற்ற வாக்குச் சதவீதத்தைச் சொல்வதற்கும் ஒரே வழி கிடையாது. சிலர் அக்கட்சியின் முதல் வேட்பாளர் பெற்றதை எடுக்கிறார்கள், சிலர் எல்லா வேட்பாளர்களின் சராசரியை எடுக்கிறார்கள். ஒரே வார்டுக்கு இரண்டு இடங்களில் இரண்டு சதவீதங்களைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

மூன்று வாக்குகள் கொண்ட சீட்டுகளை எப்படி எண்ணுகிறார்கள்?

எண்ணிக்கை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் சரிபார்ப்பு. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து மேசையில் கவிழ்த்து, சீட்டுகள் எத்தனை என்று மட்டும் எண்ணி, வாக்குச்சாவடி அதிகாரி எழுதி அனுப்பிய கணக்கோடு ஒத்துப் பார்ப்பார்கள். யாருக்கு வாக்கு என்பது இந்தக் கட்டத்தில் எண்ணப்படுவதில்லை. ஆனால் மேசைக்கு எதிரே நிற்கும் கட்சி முகவர்களின் கண்கள் அப்போதே வேலை செய்யத் தொடங்கிவிடும். சீட்டு விரியும் ஒரு நொடியில் குறி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துத் தங்கள் தாளில் கோடு போட்டுக்கொண்டே இருப்பார்கள். சீட்டைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லை.

அடுத்து, வெவ்வேறு பெட்டிகளின் சீட்டுகளையும் தபால் வாக்குகளையும் கலந்துவிடுவார்கள். எந்தத் தெரு எப்படி வாக்களித்தது என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பிறகு உண்மையான எண்ணிக்கை தொடங்கும். மூன்று வாக்கையும் ஒரே கட்சியின் மூவருக்கும் போட்ட சீட்டுகளைத் தனியே பிரித்துக் கட்டுகளாக அடுக்குவார்கள். அவற்றை எண்ணுவது எளிது. சிக்கல் கலப்புச் சீட்டுகளில்தான், அதாவது ஒரு கட்சியிலிருந்து ஒருவர், வேறு கட்சியிலிருந்து இருவர் என்று குறியிட்டவை. இவற்றைப் பெரிய தாள் ஒன்றில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலகி அடுக்கி, ஒவ்வொரு சீட்டிலும் குறி விழுந்த ஓரம் மட்டும் தெரியுமாறு ஒட்டுவார்கள். கூரை ஓடுகள் அடுக்கியதைப் போலிருக்கும் அந்தத் தாளில் ஒவ்வொரு வேட்பாளரின் வரிசையிலும் விரலை ஓட்டிப் பெருக்கல் குறிகளை எண்ணுவார்கள். ஒரு தாள் முடிய வெகுநேரம் பிடிக்கும். சில வார்டுகளின் முடிவு தாமதமாக வருவதற்கு இதுவே காரணமாக இருக்கும், வேறு சந்தேகம் தேவையில்லை.

எந்தச் சீட்டுகள் செல்லாமல் போகின்றன?

அதிகாரபூர்வ அடையாளம் இல்லாதவை, அனுமதித்ததைவிட அதிகக் குறிகள் உள்ளவை, வாக்காளர் யார் என்பதைக் காட்டிக்கொடுப்பவை, வெறுமையாகவோ எண்ணம் விளங்காதபடியோ இருப்பவை. பெருக்கல் குறிக்குப் பதிலாக டிக் போட்டிருந்தாலும் எண்ணம் தெளிவாக இருந்தால் சீட்டு செல்லும். பல வாக்குகள் உள்ள சீட்டில் ஒரு குறி மட்டும் தெளிவில்லாமல் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் தள்ளிவிட்டு மற்றவற்றைச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒரே கட்சியின் மூவரில் இருவர் வென்று ஒருவர் தோற்பது ஏன்?

தனிப்பட்ட செல்வாக்கு ஒரு காரணம். தெருத் தெருவாக அலைந்து வேலை செய்த கவுன்சிலருக்கு மாற்றுக் கட்சியினர்கூட ஒரு வாக்கை ஒதுக்குவதுண்டு. இன்னொரு காரணம் அகர வரிசை. சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில் அச்சாகின்றன. மேலிருந்து படித்து வரும் வாக்காளர், தன் கட்சியின் முதல் பெயருக்குக் குறியிட்டுவிட்டுக் கடைசிப் பெயர் வரை போகாமல் நின்றுவிடுவது உண்டு. வரிசையில் கீழே இருப்பவர் அதே கட்சியின் மற்றவர்களைவிடக் குறைவாகப் பெறுவது பல வார்டுகளில் காணப்படுகிறது.

தமிழ் வேட்பாளர்களுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை, தந்தையின் பெயர்தான் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் நிற்கிறது. வேட்புமனுவில், வழக்கமாக அழைக்கப்படும் பெயரைத் தனியே குறிப்பிட்டுச் சீட்டில் அச்சிடக் கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. ஊரார் அறிந்த பெயர் ஒன்று, சீட்டில் உள்ள பெயர் வேறொன்று என்று ஆகிவிடாமல் இருக்க, நிற்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

இருவர் சம வாக்குகள் பெற்றால்?

மறு எண்ணிக்கைக்குப் பிறகும் சமமாகவே இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் குலுக்கல் முறையில் முடிவு செய்வார். வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் 2017இல் ஒரு தொகுதி இப்படித்தான் குச்சி உருவி முடிவு செய்யப்பட்டது. அந்த ஓர் இடம் கிடைக்காததால் பழமைவாதக் கட்சி 67 இடங்களில் 33இல் நின்று பெரும்பான்மையை நழுவவிட்டது.

பிரித்தானியக் குடியுரிமை இல்லாதவர்கள் இந்தத் தேர்தலில் வாக்களித்திருக்க முடியுமா?

முடியும். இது நம்மவர்களில் பலருக்கு இன்றும் தெரியாத செய்தி என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இங்கிலாந்தின் கவுன்சில் தேர்தலில் பிரித்தானிய, அயர்லாந்துக் குடிமக்களோடு, சட்டபூர்வமாக வாழும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களும் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இதில் அடங்கும். வேலை விசாவில் வந்து ரேய்னர்ஸ் லேனில் வாடகைக்கு இருக்கும் சென்னைக்காரருக்கும், குடியுரிமை பெற்று முப்பது ஆண்டுகளாக வீல்ட்ஸ்டோனில் வாழும் யாழ்ப்பாணத்தவருக்கும் இதில் ஒரே உரிமை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கவுன்சில் டாக்ஸ் எனும் வீட்டு வரியைக் கட்டுவதால் மட்டும் பெயர் தானாகச் சேர்ந்துவிடாது, தனியே பதிவு செய்ய வேண்டும்.

வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை கேட்டார்களா?

2022இல் கேட்கவில்லை. அந்த விதி இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் 2023 மே 4 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உட்பட எந்தக் காமன்வெல்த் நாட்டின் கடவுச்சீட்டும் ஏற்கப்படும். புகைப்படம் ஆளோடு ஒத்திருந்தால் காலாவதியானதும் செல்லும். எந்த அட்டையும் இல்லாதவர்கள் வாக்காளர் சான்றிதழ் ஒன்றைக் கட்டணமின்றிப் பெறலாம்.

முடிவு வந்தவுடன் என்ன நடக்கிறது? தலைவரும் மேயரும் ஒருவரா?

புதிய கவுன்சிலர்கள் தேர்தல் நாளுக்குப் பின் நான்காம் நாள் பதவிக்கு வருகிறார்கள். 2022இல் அது மே 9. பதவி ஏற்பு உறுதிமொழியில் கையெழுத்திடாமல் எவரும் கவுன்சிலராகச் செயல்பட முடியாது. அடுத்து வரும் ஆண்டுக் கூட்டத்தில் முழு மன்றமும் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. தலைவர் தன் அமைச்சரவை போன்ற குழுவை அமைக்கிறார். தலைவரையும் சேர்த்து அதில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

ஹாரோவின் மேயர் வேறொருவர். அவர் மன்றக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கி விழாக்களில் பரோவின் முகமாக நிற்பவர். கிராய்டன், நியூஹம், ஹாக்னி, லூவிஷம், டவர் ஹாம்லெட்ஸ் ஆகிய ஐந்து பரோக்களில் மட்டும் 2022இல் மக்களே நேரடியாக அதிகாரமுள்ள மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்தல் இல்லாமலே ஆட்சி மாற முடியுமா?

ஹாரோவிலேயே நடந்திருக்கிறது, அதில் தமிழர் ஒருவர் மையத்தில் இருந்தார். 2010இல் தொழிற்கட்சி பெரும்பான்மை பெற்றது. 2013இல் அதன் கவுன்சிலர்கள் சிலர் பிரிந்து சுதந்திரத் தொழிற்கட்சிக் குழு என்று தனியே அமர்ந்தார்கள். அப்போது கவுன்சில் தலைவராக இருந்த தயா இடைக்காடர் அந்தக் குழுவின் தலைவராகப் பொறுப்பில் தொடர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பழமைவாதக் கட்சியின் சூசன் ஹால் தலைவரானார். பின்னாளில், 2024இல், லண்டன் மேயர் பதவிக்கு அக்கட்சியின் வேட்பாளராக நின்றவர் அவரே. 2014 தேர்தலில் தொழிற்கட்சி மீண்டும் வென்றது. ஒரே நான்காண்டுக் காலத்தில் மக்கள் ஒரு முறைதான் வாக்களித்தார்கள், ஆனால் ஆட்சியின் நிறம் இருமுறை மாறியது. தேர்தல் இரவின் எண்களோடு முடிவு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகலாமா?

தோற்ற வேட்பாளரோ, அந்தத் தேர்தலில் வாக்குரிமை உள்ளவர்களோ பொதுவாக 21 நாட்களுக்குள் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம். டவர் ஹாம்லெட்ஸின் 2014 மேயர் தேர்தல் வாக்காளர்கள் தொடுத்த இத்தகைய வழக்கில்தான் 2015 ஏப்ரலில் செல்லாது என்று தீர்ப்பானது. அதில் வென்றிருந்த லுத்ஃபர் ரஹ்மான் ஐந்தாண்டுகள் தேர்தலில் நிற்கத் தடை பெற்று, 2022இல் மீண்டும் நின்று வென்றார்.

கவுன்சிலர் இடையில் விலகினாலோ இறந்தாலோ?

அந்த வார்டில் ஓர் இடத்துக்கு மட்டும் இடைத்தேர்தல் நடக்கும். இரண்டு வாக்காளர்கள் எழுத்தில் கேட்டால் 35 வேலை நாட்களுக்குள் அதை நடத்த வேண்டும். முழுத் தேர்தலுக்கு ஆறு மாதம்கூட இல்லாத நிலையில் இடம் காலியானால் அது பொதுவாக அப்படியே விடப்படும். ஆறு மாதம் தொடர்ந்து எந்தக் கூட்டத்துக்கும் வராத கவுன்சிலர், மன்றம் காரணத்தை ஏற்காவிட்டால், பதவியை இழப்பார்.

கட்சி மாறியதால் என் வீட்டுக்கு என்ன மாறும்?

கவுன்சிலின் கையில் இருப்பவை: குப்பை சேகரிப்பு, நூலகங்கள், பூங்காக்கள், தெருச் சாலைகள், வாகன நிறுத்தம், கட்டட அனுமதி, வீட்டு வசதி, குழந்தைகள் பாதுகாப்பு, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பராமரிப்பு. அதன் கையில் இல்லாதவை: மருத்துவமனை, காவல் துறை, பேருந்து, பாதாள ரயில். வேட்பாளர் ஒருவர் வாசலில் நின்று இரண்டாவது பட்டியலில் உள்ளதைச் செய்வதாக வாக்குறுதி தந்தால் ‘அதை எந்த அதிகாரத்தில் செய்வீர்கள்?’ என்று மரியாதையாகக் கேட்பது நம் கடமை.

பணத்தில் பெரும் பகுதி பராமரிப்புக்கே போய்விடுகிறது. படுக்கையில் இருக்கும் அம்மாவைக் குளிப்பாட்டக் காலையில் வரும் பணியாளருக்கு, இயலாதவர் வீடுகளில், சம்பளம் தருவது இந்தக் கவுன்சில்தான். கவுன்சில் டாக்ஸையும் விருப்பம்போல் உயர்த்த முடியாது. அரசு விதிக்கும் வரம்பைத் தாண்டினால் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 2023–24இல் அந்த வரம்பு 5 சதவீதமாக இருந்தது. ஆகவே எந்தக் கட்சி வந்தாலும் அசைக்க முடியாத செலவுகளே அதிகம், அசைக்கக்கூடியது மிச்சத்தில் ஒரு பகுதி. அந்தப் பகுதி சிறியது என்பதால் அற்பமானது என்று எண்ண வேண்டாம். ஒரு நூலகம் திறந்திருப்பதும் மூடப்படுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

கவுன்சில் முடிவை வைத்து நாடாளுமன்றத் தேர்தலைக் கணிக்கலாமா?

ஓரளவுக்கு மட்டும். 2024 ஜூலையில் பழமைவாதக் கட்சி நாடு முழுவதும் சரிந்தபோது, ஹாரோ கிழக்கில் அதன் பாப் பிளாக்மன் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளோடு வென்றார். அந்தத் தேர்தலில் அக்கட்சி 50 சதவீதத்தைத் தாண்டிய ஒரே தொகுதி அதுதான். அதே நாளில் ஹாரோ மேற்கில், 1997 முதல் உறுப்பினராக இருக்கும் தொழிற்கட்சியின் காரெத் தாமஸ் மீண்டும் வென்றார். 2022ஐக் கூர்ந்து படித்தவர்களுக்கு இந்த இரண்டுமே வியப்பாக இருந்திருக்காது. ஒரு பரோவுக்குள் இரண்டு ஹாரோக்கள் இருப்பதை வார்டு முடிவுகள் முன்பே காட்டியிருந்தன.

என் வார்டின் முடிவை எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது?

கவுன்சிலின் இணையதளத்தில் தேர்தல் பகுதியில் வார்டுவாரியாக அறிவிப்பு இருக்கும். அஞ்சல் குறியீட்டை இட்டால் உங்கள் வார்டின் பெயர் தெரியும். 2022இல் எல்லைகள் மாறியதால் உங்கள் பழைய வார்டின் பெயரை வைத்துத் தேட வேண்டாம். அறிவிப்பில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாக வென்றவர் பெற்ற வாக்கு, தோற்றவர்களில் முதலாமவர் பெற்ற வாக்கு, வாக்குப் பதிவு சதவீதம், செல்லாத சீட்டுகள். முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் உங்கள் வார்டில் ஓர் இடம் கைமாறத் தேவைப்பட்ட தூரம். அதை, அன்று வாக்களிக்காமல் இருந்த உங்கள் சொந்தக்காரர்கள், அயலவர்களின் எண்ணிக்கையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.